தீவனக் கணக்கு முதலில், மாடு பிறகு

மேல்மலையனூர் வட்டாரத்தில் கறவை மாடு வைக்க நினைப்பவர்கள் முதலில் போவது பாங்கிக்கு; இல்லையென்றால் தரகரிடம். இரண்டுமே கடைசியாகப் போக வேண்டிய இடங்கள். முதலில் உங்கள் கொல்லைக்குப் போங்கள். சித்திரை மாதத்தில் கிணற்று மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடும், கழனியில் வைக்கோல் எவ்வளவு வரும், மல்லாட்டைக் கொடி எத்தனை வண்டி சேரும் என்று பாருங்கள். இவை தெரிந்த பிறகுதான் எத்தனை மாடு என்ற பேச்சுக்கே வர வேண்டும். பாங்கிக்காரர் உங்கள் பட்டாவைப் பார்த்து இரண்டு மாட்டுக்கோ ஐந்து மாட்டுக்கோ கடன் கொடுப்பார். அந்த ஐந்து மாடும் வைகாசியில் எதைத் தின்னும் என்று அவர் கேட்கமாட்டார்.

ஆயிரக்கணக்கான ஏக்கர் மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். அமெரிக்காவில் 2025 ஜனவரியில் எடுத்த கணக்கில் மாடுகள் 8.67 கோடி. 1951க்குப் பிறகு அதுவரை அங்கே அவ்வளவு குறைந்ததில்லை. தொடர்ந்து வந்த வறட்சியில் புல் கருகியதும், தீவனம் வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகாமல் கன்று போடும் தாய்ப்பசுக்களையே விற்றார்கள். முக்கியக் காரணம் அதுதான். அவர்களுக்கு நிலம் அதிகம் என்பதால் அடி விழ மூன்று, நான்கு ஆண்டுகள் பிடித்தன. அரை ஏக்கர் மேட்டுக்கொல்லை வைத்திருப்பவருக்கு ஒரே கோடை போதும்.

செஞ்சியிலிருந்து வளத்தி, அவலூர்பேட்டை வரை நம் பக்கத்து நிலம் எப்படி என்று உங்களுக்கே தெரியும். பாறைக் குன்றுகள், அவற்றின் அடியில் ஏரிகள், ஏரிக்குக் கீழே கழனி, மேலே மானாவாரிக் கொல்லை. மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடுகிறது. பங்குனியிலிருந்து ஆடி வரை பச்சை என்பது கிணற்றடியில் மட்டும்தான். முன்பு அந்த மாதங்களைத் தாங்கியது வற்றிய ஏரிகளும் மேய்க்கால் புறம்போக்கும். இன்று ஏரிக்குள் பாதி சீமைக்கருவேல். மேய்க்காலோ பல ஊர்களில் வீட்டு மனையாகவும் கட்டடமாகவும் மாறிவிட்டது. பாக்கம் மலைப் பக்கத்துக் காட்டோர ஊர்க்காரர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதத்தில் அந்தத் தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. முதல் தீர்ப்பை மட்டும் கேட்டவர்கள் இன்னும் பயப்படுகிறார்கள். இரண்டாவதை மட்டும் கேட்டவர்கள் எங்கும் ஓட்டலாம் என்று நினைக்கிறார்கள். காப்புக்காட்டுக்கு வனத்துறையின் தனி விதிகள் உண்டு. செஞ்சி வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஓட்டுங்கள். எப்படியானாலும் கலப்பின மாட்டை மேய்ச்சலை நம்பி வைக்க முடியாது. அது தொழுவத்தில் நின்று தின்னும் மாடு.

பத்து சென்ட் கணக்கு

கோ 5 கம்பு நேப்பியர் ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 360 டன் தரும் என்று கையேடுகளில் பார்த்திருப்பீர்கள். சென்டுக்கு வகுத்தால் நாளுக்கு 4 கிலோ. தண்ணீரும் உரமும் குறையாத நிலத்து விளைச்சல் அது. நம் கிணறுகளை வைத்துப் பாதியை நம்புங்கள்: சென்டுக்கு நாளுக்கு 2 கிலோ. ஒரு கறவை மாட்டுக்கு நாளுக்கு 20 கிலோ பசும்புல் வேண்டுமென்றால் 10 சென்ட் தேவை. நான் சொல்லும் விதி இவ்வளவுதான்: கோடையிலும் தண்ணீர் பாய்ச்ச முடிகிற 10 சென்டுக்கு ஒரு மாடு. முப்பது சென்டுக்குத்தான் தண்ணீர் என்றால் மூன்று மாடுதான். ஆறு மாட்டுக்குக் கடன் கிடைத்தாலும் மூன்றுதான்.

பாருக்குப் பார் இரண்டடி, கரணைக்குக் கரணை ஒன்றேமுக்கால் அடி விட்டு நட்டால் பத்து சென்டுக்கு சுமார் 1,250 கரணைகள் ஆகும். முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. நிலத்தை ஒன்பது துண்டாகப் பிரித்து ஒரு துண்டை ஐந்து நாளைக்கு அறுத்தால், கடைசித் துண்டு முடியும்போது முதல் துண்டு அறுப்புக்கு வந்திருக்கும். முற்றவிட்டு அறுப்பதுதான் இங்கே பலரும் செய்வது. ஆள் உயரத்துக்கு மேல் போன புல்லில் தண்டுதான் மிச்சம். மாடு இலையை உருவிவிட்டுத் தண்டைக் காலடியில் போடும்.

புல் மட்டும் போதாது. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பயறு வகைத் தீவனம் சேர வேண்டும். வேலிமசாலை வரப்போரம் விதையுங்கள். அகத்தியை வாய்க்கால் ஓரம் வையுங்கள். பயறு வகைப் பசுந்தீவனம் 8 முதல் 10 கிலோ கொடுத்தால் அடர்தீவனத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ குறைக்கலாம். அசோலாவைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்லிவிட்டார்கள். தொட்டி கட்டி, நிழல் போட்டு, தினமும் வழித்தெடுத்துக் கழுவினால் நாளுக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கிடைக்கும். கோழிக்குச் சரி. இரண்டு மாட்டுக்காரர் அந்த நேரத்தை வேலிமசாலுக்குக் கொடுத்தால் அதிகம் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

தீவனச் சோளத்தில் ஒரு எச்சரிக்கை. மழை பொய்த்து வாடி நிற்கும் இளஞ்சோளத்திலும், அறுத்த தூரிலிருந்து கிளம்பும் குருத்திலும் சயனைடு நச்சு இருக்கும். அவிழ்த்துவிட்ட மாடு அதில் புகுந்தால் டாக்டர் வருவதற்குள் முடிந்துவிடும். பூ வைத்த பிறகுதான் சோளத்தை அறுக்க வேண்டும்.

உலர்தீவனத்தில் நம் வட்டாரத்துக்குக் கிடைத்த வரம் மல்லாட்டைக் கொடி. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டிஎம்வி ரகங்கள் பரவிய மண் இது. கொடியை எருக்குழியில் தள்ளுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று, நான்கு. நன்றாகக் காய்ந்து இலை உதிராத கொடியில் அதைப்போல இரண்டு பங்குக்கு மேல். ஆடிப்பட்டத்து மல்லாட்டை பிடுங்கும்போது மழை பிடித்துக்கொள்ளும். நனைந்த கொடி பூசணம் பூக்கும். அதை மாட்டுக்குக் காட்டாதீர்கள். பூசணம் பிடித்த புண்ணாக்கும் அப்படியே. அதிலுள்ள அஃப்ளடாக்சின் நச்சு ஈரலைக் கெடுத்து, பாலிலும் இறங்கும். செக்கிலிருந்து மலிவாக வருகிற கறுத்த புண்ணாக்கின் உண்மையான விலை இதுதான். மார்கழிப் பட்டத்து மல்லாட்டை வெயிலில் அறுவடையாகும். அந்தக் கொடியைத்தான் போர் போட்டு வைக்க வேண்டும். கடைசியாக மருந்து அடித்த தேதியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வைக்கோல் இப்போது விலைச் சரக்கு. இயந்திரம் அறுத்த கழனியில் கட்டும் இயந்திரம் உருளையாகச் சுருட்ட, வெளியூர் லாரி வந்து ஏற்றிப் போகிறது. உங்கள் கழனி வைக்கோலைத் தை மாதத்தில் விற்றுவிட்டு வைகாசியில் அதே உருளையைக் கூடுதல் விலைக்கு வாங்காதீர்கள். ஒரு மாட்டுக்கு நாளுக்கு 5 முதல் 6 கிலோ. ஆண்டுக்கு இரண்டு டன். தட்டுப்பாடு உள்ள ஆண்டில் 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் முழுதும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைத்துப் பிறகு கொடுக்கலாம். அளவைக் கூட்டக் கூடாது. கரைசலை மாடு குடித்துவிடாமல் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கவே கூடாது.

போரைத் தரையில் போடாதீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் தரையில் கிடக்கும் போர் அடியிலிருந்து அழுகும். முழங்கால் உயரக் கல்மேடை போட்டு அதன்மேல் அடுக்குங்கள். வெள்ளம் வரும் என்று தெரிந்தால் மாட்டைக் கயிற்றோடு விட்டுவிட்டு ஓடாதீர்கள். அவிழ்த்துவிட்டால் மேட்டைத் தேடி அதுவே போய்ச் சேரும்.

எந்த மாதத்தில் கன்று போட வேண்டும்

பால் கணக்குப் பார்க்கும்போது எல்லோரும் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியது ஈத்துக்கும் ஈத்துக்கும் எத்தனை மாதம் என்று. பத்து லிட்டர் கறந்தாலும் ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை கன்று போடும் மாட்டைவிட, எட்டு லிட்டர் கறந்து பதின்மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் மாடு நல்லது. வற்றிய மாடும் தின்னும். நாளுக்கு 100 ரூபாய் செலவு என்று வைத்தாலும் ஐந்து மாதம் வெறுமனே நின்றால் 15,000 ரூபாய் போச்சு.

சினைக்காலம் சுமார் 280 நாள். கன்று போட்ட மூன்று மாதத்துக்குள் சினை பிடித்தால்தான் ஆண்டுக்கு ஒரு கன்று. பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வரும்; ஒரு பருவத்தைத் தவறவிட்டால் மூன்று வாரம் கழிந்தது. காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போட வேண்டும். கத்தல், கண்ணாடிபோல் தொங்கும் வழும்பு, மற்ற மாட்டின்மேல் ஏறுவது எல்லாம் குளிர் மாதங்களில் தெளிவாகத் தெரியும். கோடையில் கலப்பின மாடு ஊமைப் பருவம் காட்டும். பகல் வெயிலில் எதுவும் தெரியாது. இரவு படுக்கப் போகும் முன்பும் விடியற்காலையிலும் போய்ப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். ஊசி போட்ட தேதியைக் கொட்டகைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதிவைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மூன்றாம் மாதத்தில் டாக்டரிடம் சினை பார்க்கச் சொல்லுங்கள். சினை என்று நம்பி ஆறு மாதம் ஏமாந்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு.

நியூசிலாந்தில் பெரும்பாலான பண்ணைகளில் மாடுகள் எல்லாம் ஒரே பருவத்தில் கன்று போடும்படி சினை பிடிக்க வைக்கிறார்கள். வசந்தகாலப் புல் தழைக்கும் வாரங்களில் பால் உச்சத்தில் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். புல் இலவசம், வாங்கும் தீவனம் காசு. நம் ஊருக்கு இதை இப்படிப் பொருத்தலாம்: மார்கழி, தையில் ஊசி போட்டால் புரட்டாசி, ஐப்பசியில் கன்று. கார்த்திகையிலிருந்து மாசி வரை, பச்சையும் இருக்கிறது, குளிரும் இருக்கிறது, அப்போது உச்சப் பால். அடுத்த சினைக்கு மாடு தயாராவதும் மறுபடி மார்கழி, தையில்தான். ஆடி வெக்கையில் மாடு வற்றி நிற்கும். வற்றிய மாட்டுக்கு இரண்டு மாத ஓய்வு எப்படியும் வேண்டியதுதான். இதற்கு ஒரே ஒரு விலை உண்டு. மழை மாதத்தில் பிறக்கும் கன்று ஈரத் தரையில் படுத்தால் கழிச்சலில் போய்விடும். கன்றுக்கு மட்டுமாவது மேடான, உலர்ந்த இடம் கட்டிவிட்டு இந்தத் திட்டத்துக்கு வாருங்கள். பிறந்த அரைமணி, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பது பழைய பழக்கம், தவறான பழக்கம்.

எந்த மாடு, எங்கே வாங்குவது

ஜெர்சி கலப்பினம். சமவெளிக்கு ஜெர்சி, மலைப்பகுதிக்கு ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் என்பது தமிழக அரசின் இனப்பெருக்கக் கொள்கையும்கூட. கறுப்பு வெள்ளை மாடு குடம் நிறையக் கறக்கும். ஆனால் கொழுப்பு குறையும், வெயிலில் மூச்சிரைக்கும். நம் குன்றுகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவிலும் விடுகின்றன; அந்த மாட்டுக்கு இங்கே இரவும் ஓய்வில்லை. நாட்டு மாட்டுப் பாலுக்கு நகரத்தில் நல்ல விலை என்று கேட்டு நாட்டு மாடு வாங்க நினைத்தால், வாங்குபவரை முதலில் பிடித்துவிட்டு மாட்டைப் பிறகு பிடியுங்கள். எருமையைத் தேடினாலும் கிடைப்பது அரிது: 2012இல் தமிழகத்தில் 7.8 லட்சமாக இருந்தது, 2019 கணக்கெடுப்பில் 5.19 லட்சமாகிவிட்டது.

செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தை ஆட்டுக்குப் பேர் போனது. மாட்டுக்குத் திருவண்ணாமலை தீபத்தையொட்டிக் கூடும் சந்தை பெரியது. துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசும் வியாபாரம் அங்கே இன்னும் உண்டு. அந்த விரல் கணக்கு தெரியாதவர் தரகரை நம்பித்தான் ஆக வேண்டும். சந்தையில் மடி பெருத்துத் தெரியும் மாடு முந்தின வேளை கறக்காமல் கொண்டுவந்ததாகவும் இருக்கலாம். முடிந்தால் பக்கத்து ஊரில், வீட்டிலேயே வாங்குங்கள். இரண்டாம் ஈத்து, மூன்றாம் ஈத்து மாடாக, மாலை, காலை, மறுபடி மாலை என்று மூன்று வேளைக் கறவையை நேரில் பார்த்து வாங்குங்கள். சுழி பார்ப்பவர்கள் பார்க்கட்டும். நீங்கள் நான்கு காம்பிலும் பால் ஒரே சீராக வருகிறதா என்று பாருங்கள்.

பால் விலை

2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயானது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகையோடு 38 ஆனது. இது குறிப்பிட்ட கொழுப்பும் இதர சத்தும் உள்ள பாலுக்கு. குறைந்தால் விலை இறங்கும். சொசைட்டியில் டிகிரி குறைகிறது என்று சண்டை போடுவதற்கு முன் தொட்டியைப் பாருங்கள். வைக்கோலைக் குறைத்துத் தவிடும் கஞ்சியும் கூட்டினால் கொழுப்பு இறங்கும். வெறும் வைக்கோலில் நிறுத்தினால் இதர சத்து இறங்கும். தாது உப்புக் கலவை நாளுக்கு 30 முதல் 50 கிராம் கட்டாயம்.

பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு உடம்புக்காக ஒன்றரைக் கிலோ, இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் பாலுக்காக நான்கு கிலோ, ஆக ஐந்தரைக் கிலோ அடர்தீவனம். கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் 165 ரூபாய். பால் வரவு 380. மீதியில்தான் வைக்கோல், மருந்து, வட்டி, உங்கள் கூலி எல்லாம். பசுந்தீவனத்தையும் விலைக்கு வாங்கினால் இந்தக் கணக்கு நிற்காது. உங்கள் ஊர் விலையைப் போட்டு ஒருமுறை நீங்களே எழுதிப் பாருங்கள்.

அமாவாசை இரவில் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குக் கூட்டம் கூடும்போது டீக்கடைகளுக்குப் பால் வேண்டியிருக்கும். கூடுதல் விலைக்குக் கேட்பார்கள். கொடுக்கலாம். ஆனால் அன்றைக்குச் சொசைட்டிக்கு ஊற்றாதது போனஸ் கணக்கில் குறையும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தனியார் பால் வண்டிக்கும் இதே பார்வைதான்: வெயில் காலத்தில் விலை ஏற்றிக் கேட்பவர் பால் பெருகும் மாதத்தில் என்ன விலை கொடுத்தார் என்று பக்கத்து வீட்டாரிடம் விசாரியுங்கள்.

நோய்

கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசு இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது. கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி, வாழ்நாளில் ஒரே முறை. 2019இல் ஒடிசாவில் முதலில் தெரிந்து நாடெங்கும் பரவிய தோல் கழலை நோய் ஈ, கொசு, உண்ணி வழியாகப் போகிறது. தடுப்பூசியோடு சாணக் குழியைக் கொட்டகையிலிருந்து தள்ளி வைப்பதும் சேர்ந்தால்தான் பயன்.

காசைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பது மடிநோய். கறக்கும் முன் முதல் பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள்; திரி தெரிந்தால் தொடங்கிவிட்டது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, அதில் ஒரு கைப்பிடியை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, பாலை முழுக்கப் பீச்சிவிட்டு மடி முழுதும் பூச வேண்டும். நாளுக்குப் பத்து முறை, ஐந்து நாள். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் பரப்பிய முறை இது. தொடக்க நிலையில் நன்றாகவே கேட்கிறது. காய்ச்சல் வந்தாலோ மடி கல்லாக இறுகினாலோ டாக்டரைக் கூப்பிடுங்கள். ஊசி போட்டால் அவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள். நோய் வராமல் இருக்க எளிய வழி, கறந்த உடனே தொட்டியில் தீவனம் போடுவது. காம்புத் துளை மூட அரைமணி ஆகும். அதுவரை மாடு படுக்காமல் நிற்க வேண்டும்.

கன்று போட்ட இரண்டு, மூன்று நாளுக்குள் நல்ல கறவை மாடு கழுத்தை மடித்துப் படுத்து எழாவிட்டால் அது பால் காய்ச்சல், சுண்ணாம்புச் சத்துக் குறைவு. வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 1962க்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். சரியான நேரத்தில் நரம்பில் மருந்து ஏறினால் சற்று நேரத்தில் எழுந்து நிற்கும்.

கடன், காப்பீடு, கழிப்பது

கிசான் கடன் அட்டை இப்போது மாடு வளர்ப்புச் செலவுக்கும் உண்டு. 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது. ஒழுங்காகக் கட்டினால் வட்டி 4 சதவீதம்தான். வாரச் சீட்டு, மைக்ரோ கடன் வாங்கி மாடு வளர்ப்பவர்கள் முதலில் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு பங்கை வேலிக்கும் புல்லுக்கும் ஒதுக்குங்கள்.

வற்றிப் போன கிழமாடும் காளைக்கன்றும்தான் யாரும் பேச விரும்பாத செலவு. தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் 1958இன்படி பத்து வயதுக்கு மேற்பட்டு, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டைத்தான், சான்று பெற்று, இறைச்சிக்கு அனுப்ப முடியும். 2017 மே மாதம் மத்திய அரசு சந்தைகளில் இறைச்சிக்கு விற்கவே தடை கொண்டுவந்தபோது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் பிறகு உச்ச நீதிமன்றமும் நிறுத்தி வைத்தன. சட்டம் எப்படியிருந்தாலும் வழியில் வண்டி மறிப்பு பயத்தில் வாங்குபவர் விலையைக் குறைக்கிறார். அந்த இழப்பு உங்கள் தலையில்தான் விழுகிறது. ஆறாம் ஈத்து முடியுமுன், சினையாக இருக்கும்போதே இன்னொரு கறவைக்காரருக்கு விற்றுவிடுவது நல்லது. பாலினம் பிரித்த உறைவிந்து ஊசி கிடைத்தால் நல்ல மாட்டுக்குப் போடுங்கள். கிடேரிக் கன்றாகப் பிறக்க வாய்ப்பு அதிகம், காளைக்கன்றுப் பிரச்சினை பெருமளவு குறையும்.

காப்பீட்டில் 2024 பிப்ரவரி மாற்றத்துக்குப் பிறகு பிரீமியத்தில் உங்கள் பங்கு 15 சதவீதம்தான். காதில் போடும் பன்னிரண்டு இலக்கக் கம்மல்தான் அங்கே மாட்டின் பெயர். அது விழுந்துவிட்டால் அன்றே மருந்தகத்தில் சொல்லிப் புதிதாகப் போட்டுப் பாலிசியில் எண்ணை மாற்றுங்கள். மாடு செத்தால் புதைக்கும் முன் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல், கம்மலோடு போட்டோ, டாக்டரின் பிரேதப் பரிசோதனைச் சான்று. புயல், வெள்ளத்தில் போனால் அரசு நிவாரணம் மாட்டுக்கு 37,500 ரூபாய். அதற்கும் கிராம நிர்வாக அலுவலரும் கால்நடை உதவி மருத்துவரும் மாட்டைப் பார்த்திருக்க வேண்டும்.